அந்த சிம் யார் பேரில் இருக்கிறது?

அத்தியாயம் 14

காலை ஒன்பதே முக்காலுக்கு பூர்ணிமா ஆறாவது முறையாகச் சித்தியின் நம்பருக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை.

அன்று நவம்பர் பதினொன்று. பதினொன்றாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் அர்த்தம் தெரியாமல் வாழ்கிறவர்கள் பாக்கியசாலிகள். வரிக்கணக்கு எழுதுகிற வீட்டில் மாதத்துக்கு இரண்டு முறை அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட யாரும் எழுந்து போக மாட்டார்கள். போன மாத விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற அன்றுதான் கடைசி நாள். வரி கட்டும் ரிட்டர்னுக்கு இருபது.

ஆம்பூர் பஜாரில், ஷூ லைனிங் துணிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் 'அரங்கநாதன் அண்டு பிரதர்' ஆபீசின் படிக்கட்டை இத்தனை வாரமாக நம்மோடு ஏறி இறங்கியவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் படியேறுகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் அரங்கநாதன், குடியாத்தத்துத் தறிக்காரர் மகன், வரி ஆலோசகர். ஊரே அவரை ஆடிட்டர் என்கிறது. அவர் ஆடிட்டர் இல்லை, மறுத்ததும் இல்லை. தம்பி நாகேந்திரன் செப்டம்பர் இருபதாம் தேதி விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அரங்கநாதனின் மகள் பூர்ணிமாவுக்கு முப்பத்தொரு வயது. ஆபீசின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் கையில்.

மொத்தம் நூற்று முப்பத்தேழு பார்ட்டிகள். தோல் மண்டி, ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற யூனிட், லுங்கி வியாபாரம் என்று பலதரப்பட்டவர்கள். ஒருவருக்கும் இணையத் தொல்லை ஆகாது. "உங்க நம்பரையே போட்டுக்குங்க ஆடிட்டரே, எங்கள விடுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். ஆகவே அத்தனை பேருக்கும் அரசாங்கம் அனுப்பும் ஆறு இலக்க ஓ.டி.பி. ஒரே ஒரு சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் நாகேந்திரன் பெயரில், நாகேந்திரன் சட்டைப் பையில் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பூர்ணிமா பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறாள். 'கணக்கு மேசை' என்பது அவளுடைய வலைப்பூ. எந்த மென்பொருளை வாங்கலாம், எதை வாங்கி ஏமாறக் கூடாது, பில்லுக்காகப் பார்ட்டியின் வீட்டு வாசலில் நிற்காமல் வாட்ஸ்அப்பிலேயே எப்படி வரவழைப்பது, மூன்று பேர் ஆபீசை மூன்று பேராலேயே எப்படி நடத்துவது என்று சின்ன ஊர்க் கணக்கர்களுக்கு உதவுகிற விஷயங்களை எழுதுவாள். கம்பத்திலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் நன்றி சொல்லிக் கடிதம் வரும். அதிகம் பேர் படித்த பதிவு, 'ஆபீசுக்கு ஒரே நம்பர்'. பதினோராயிரம் பேர் படித்திருக்கிறார்கள்.

அவள் பதிவு போட்டால் அரங்கநாதன் உடனே பிரிண்ட் கொடுப்பார். திரையில் படித்தால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வடியும். எப்போதும் இரண்டு காப்பி. ஒன்றைப் படித்துவிட்டு ஃபைலில் போடுவார். இன்னொன்றை மாடிப்படிப் பக்கத்துப் போர்டில் குண்டூசியால் குத்துவார். படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது. "எம் பொண்ணு எழுதனது, படிங்க" என்பார்.

நாகேந்திரன் போன பிறகு அவருடைய போன் மனைவி பூங்காவனத்திடம் இருந்தது. அதில் அவர் குரல் பதிவுகள் இருக்கின்றன, கொடுக்க மனசில்லை என்றாள். காரியம் முடிந்ததும் ஒடுகத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போனும் கூடவே போயிற்று. "பரவால்ல சித்தி, நீயே வெச்சிக்கோ. வேணுங்கறப்ப நான் கேட்டுக்கறேன்" என்றாள் பூர்ணிமா. அதிலிருந்து அநேகமாகத் தினமும் அதே பேச்சுதான். "சித்தி, ஒரு ஆறு நம்பர் சொல்லு." பூங்காவனம் சொல்லுவாள். வைத்துவிடுவார்கள்.

ஐம்பத்திரண்டு நாள் இப்படியே ஓடியது.

படியில் செருப்புச் சத்தம். மக்பூல் அகமது வந்தார். துத்திப்பட்டுப் பக்கம் ஷூ அப்பர் யூனிட் வைத்திருப்பவர்.

"இன்னா ஆடிட்டரே, லாரில சரக்க ஏத்தி நிறுத்திட்டேன். சாயங்காலம் மெட்ராஸ்ல எறக்கணும். இ-வே பில் இன்னும் வரல?"

அந்தக் காகிதம் இல்லாமல் லாரி சுங்கச்சாவடியைத் தாண்டினால் சரக்கோடு பிடித்து நிறுத்திவிடுவார்கள். அதை எடுக்கவும் ஓ.டி.பி. வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் பாய், உக்காருங்க" என்றார் அரங்கநாதன். "நம்ம ஆபீஸ்ல வேல நின்னுருக்குதா என்னிக்காச்சும்? எந் தம்பி போன அன்னிக்கே இருவதாந்தேதி. அவன் கூடத்துல கெடக்கறான். அன்னிக்கும் நாப்பத்தியோரு ரிட்டர்ன், ஒண்ணு தவறல. எம் பொண்ணு போட்டா."

மக்பூல் அகமது தலையை ஆட்டினார். அவர் இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறார். பூர்ணிமா தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி அடித்தாள். இந்த முறை எடுத்தாள் பூங்காவனம்.

"சித்தி, எங்க போய்ட்ட? ஒரு ஆறு நம்பர் சொல்லு, சீக்கிரம்."

"இல்ல பூர்ணி."

"வரலயா? இரு, இன்னொரு வாட்டி அனுப்பறேன்."

"வராது. சிம்மு இல்ல. சனிக்கெழம வேலூருக்குப் போய் கம்பெனி கடைல எழுதிக் குடுத்துட்டேன். இறப்பு சர்டிபிகேட் கேட்டாங்க, குடுத்தேன். மூடிட்டாங்க."

பூர்ணிமா நாட்காட்டியைப் பார்த்தாள். ஞாயிறும் திங்களும் பில்களைச் சரிபார்ப்பதிலேயே போய்விட்டன. அதனால் ஓ.டி.பி. கேட்கவேயில்லை. இன்றைக்கு அறுபத்திரண்டு ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

"இன்னா சொல்றா?" என்றார் அரங்கநாதன்.

மக்பூல் அகமது முன்னால் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். சொன்னாள்.

ஒடுகத்தூருக்கு ஸ்கூட்டரைப் பூர்ணிமா ஓட்டினாள். அப்பா பின்னால். மாதனூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும்போது சொன்னார்: "கேட்டுருக்கலாமே. ஒரு வார்த்த நம்மளக் கேட்டுருக்கலாமே அவ."

பூர்ணிமாவின் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மெயில் இருக்கிறது, ஓ.டி.பி. மெயிலுக்கும் வரும். ஆனால் அந்த மெயிலும் சித்தப்பா திறந்ததுதான், போனில் அதை ஏற்றி வைக்கவும் இல்லை. பாஸ்வேர்டு அவர் மனசோடு போயிற்று. மறந்துவிட்டது என்று கேட்டால் புதிதாகக் கொடுப்பார்கள். அதற்கும் ஓ.டி.பி. வரும், அதே நம்பருக்கு.

எந்தப் பக்கம் போனாலும் அதே கதவு. ஒரே கதவு போதும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் அவள்தான்.

பூங்காவனம் தம்பி வீட்டு முற்றத்தில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தாள். மழை மேகம் கட்டியிருந்ததால் கோணிப்பையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. இந்த ஐம்பது நாளில் கழுத்தெலும்பு தெரிய இளைத்துவிட்டாள்.

"வாங்க மாமா" என்றாள்.

"வரத்தான் வெச்சிட்டியே!" அரங்கநாதன் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தார். "இன்னா காரியம் பண்ணிட்ட நீ? நூத்தி முப்பத்தேழு பேரு பொழப்பு அதுல இருக்குது. எங்க ரெண்டு பேரு இருவத்திரெண்டு வருச ஒழைப்பு. கேக்க வேணாமா ஒரு வார்த்த?"

"நீங்க சொன்னீங்களா மாமா?"

"இன்னா?"

"அந்த நம்பர்லதான் எல்லாம் தொங்குதுன்னு யாராச்சும் எங்கிட்ட சொன்னீங்களா? அவரு இருந்தப்பவும் ஆபீஸ் பேச்சு எங்கிட்ட பேசனதில்ல. போனப்பறமும் ஆறு நம்பர் சொல்லு, வெச்சிடு. அவ்ளோதான். பேங்க்காரன் நம்பர்னு நெனச்சேன். செத்தவரு போனுக்கு மாசா மாசம் ரீசார்ஜ் எதுக்குன்னு நெனச்சேன்."

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது அந்த வீட்டு ஆண்களுக்கு வழக்கம். அரங்கநாதனும் உயர்த்தப் போனார். அதற்குள் அவர் போன் அடித்தது. மக்பூல் அகமது. வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினார்.

முற்றத்தில் இருவரும் நின்றார்கள். பூர்ணிமா குனிந்து கடலையை அள்ள ஆரம்பித்தாள்.

"வுடு" என்றாள் பூங்காவனம். "நான் அள்ளிக்கறேன்."

"சித்தி, நெஜமா பேங்க் நம்பர்னா நெனச்ச?"

பூங்காவனம் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கி நீ இன்னா பண்ணேன்னு நான் பார்த்தேன் பூர்ணி."

பூர்ணிமாவின் கை கடலைக்குள்ளேயே நின்றது.

"சமையக்கட்டு வாசல்ல நின்னுக்குனு இருந்தேன். நீ வந்த. துணிய வெலக்கன. அவரு கையத் தூக்கன."

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பூர்ணிமாவுக்கு ஒவ்வொன்றும் நினைவிருந்தது.

அன்று காலை ஏழரை இருக்கும். மாலை போட இன்னும் ஆள் வரவில்லை. அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து, "இன்னிக்கி இருவது. எத்தினி பாக்கி?" என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். போன் சித்தப்பாவின் தலைமாட்டில் இருந்தது. விரல் வைத்தால்தான் திறக்கும்.

முதல் தடவை வைத்தபோது திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. கட்டை விரலைத் தன் துப்பட்டாவால் துடைத்து, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, மூன்றாவது தடவை அழுத்தினாள். திறந்தது. உடனே பூட்டை எடுத்துவிட்டாள், இனி யாரும் எப்போதும் திறக்கிற மாதிரி. எத்தனை சமர்த்து! கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நாற்பத்தொரு ரிட்டர்னையும் போட்டாள். கூடத்தில் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது.

போனைத் திறக்கும் ரகசிய எண்ணைச் சித்தப்பா எப்படியோ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

"ஏன் சித்தி அன்னிக்கே கேக்கல?"

"கேட்டு? நீ சின்னப் பொண்ணா இருந்தப்ப அந்தக் கையப் புடிச்சிக்குனுதான ஸ்கூலுக்குப் போன. நான் இன்னான்னு கேக்கறது?" பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொறுத்துக்கலாம்னுதான் இருந்தேன். டொய்ங்குனு ஒரு சத்தம் வரும் பாரு, அது வந்தா அவரு கைதான் கண்ணுல நிக்கும். நீ தூக்கனதும் அது தொங்குச்சே, அப்டி. சனிக்கெழம காலைல மட்டும் பதினாலு வாட்டி வந்துச்சு. பஸ்ஸு ஏறிட்டேன்."

பூர்ணிமா அழுதாள். பூங்காவனம் அவளைத் தொடவில்லை. கோணிப்பையின் வாயைக் கட்டினாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஊரு பூரா சொல்லிக்குனு திரியறாரே, ஒரு ரிட்டர்ன் தவறலன்னு. என் காதுக்கே வந்துச்சு." பூங்காவனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

ஒடுகத்தூரிலிருந்து போய் அப்பாவும் மகளும் வேலூர் சிம் கம்பெனிக் கடையில் ஒரு மணி நேரம் நின்றார்கள். சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். சந்தாதாரர் இறந்து, வாரிசே எழுதிக் கொடுத்து மூடிய நம்பர். மூன்று மாதம் சும்மா கிடக்கும், அப்புறம் வேறு யாருக்காவது போகும். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், உறுதி சொல்ல முடியாது என்றாள்.

அரங்கநாதன் எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதியவர், இதில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார்.

மீதி வழி ஒன்றுதான். பார்ட்டி ஒவ்வொருவரும் ஆதாரும் கடிதமும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்ற வேண்டும். போவார்களா? இரண்டு பேர் சவுதியில் இருக்கிறார்கள். ஆலங்காயத்துக்காரர் ஒருவருக்கு நடக்கவே முடியாது. மற்றவர்கள் போவார்கள். ஆனால் புது நம்பர் எதைப் போடுவது என்று யோசிக்கிறபோது, இனி இவர் நம்பரைப் போட மாட்டார்கள்.

மூன்றரை மணிக்கு மக்பூல் அகமதே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார் அரங்கநாதன்.

"லாரி போய்ச்சு ஆடிட்டரே. டிரான்ஸ்போர்ட்காரங்க அவங்க லாகின்லயே பில் போட்டுக் குடுத்தாங்க."

"நல்லதாப் போச்சு பாய். நான் கூட…"

"இரு, சொல்றேன். கோவிச்சுக்காத. நாகேந்திரன் எனக்கு தோஸ்த். அவன் இருந்த வரைக்கும் நான் வேற படி ஏறல. ஆனா இப்ப பேஜாராப் போச்சு. நம்ம ஃபைலக் குடுத்துரு. பேரணாம்பட்டுல பில்கிஸ்னு ஒரு மேடம் பார்க்கறாங்க. அவங்க பார்ட்டி நம்பரும் போடறாங்க, ஆபீஸ் நம்பரும் போடறாங்களாம். ஒண்ணு போனா ஒண்ணு."

"வாங்கிக்கங்க பாய்" என்றார் அரங்கநாதன்.

ஆம்பூர் வந்து சேர்வதற்குள் இன்னும் எட்டுப் பேர் ஃபைல் கேட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தரை. வெளியே மழை பிடித்திருந்தது. ஈரத்தோல் வாசனை மாடி வரைக்கும் ஏறியிருந்தது. முன் அறையில் அரங்கநாதன் ஃபைல்களை எடுத்துத் தூசு தட்டி மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது ஃபைல். ஒவ்வொன்றின் முதுகிலும் தம்பியின் கையெழுத்து.

பூர்ணிமா உள் அறையில் தன் வலைப்பூவைத் திறந்தாள். பில்கிஸ் என்ற பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம் வேலூரிலிருந்தே அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இருந்தது. 'ஆபீசுக்கு ஒரே நம்பர்' பதிவின் கீழே, பாராட்டுகளுக்கு நடுவில், மூன்று வருடத்துக்கு முந்தைய கேள்வி.

"நல்ல பதிவு மேடம். ஒரு சந்தேகம். அந்த சிம் யார் பேரில் இருக்கிறது? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? பில்கிஸ், பேரணாம்பட்டு."

அதற்குக் கீழே பூர்ணிமாவின் பதில், ஒரு சிரிப்பு பொம்மையோடு.

"நல்ல கேள்வி! அடுத்த பதிவில் எழுதுகிறேன்."

அடுத்த பதிவு எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்பதைப் பற்றி. அதற்கடுத்தது தீபாவளி விடுமுறையைத் திட்டமிடுவது பற்றி. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் ஆபீசில் இரண்டு நம்பர் போட்டுக்கொண்டாள். இவள் மறந்தேபோனாள்.

அந்தப் பக்கத்தை அழித்துவிடலாம். ஒரு பொத்தான்தான். ஆனால் பதினோராயிரம் பேர் படித்ததை எங்கே போய் அழிப்பது? அவர்களில் எத்தனை பேருடைய ஆபீஸ் இப்போது எந்தச் சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறதோ!

புதுப் பதிவைத் திறந்தாள். தலைப்பு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பில்கிஸின் கேள்வியையே போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?" வாசலில் அப்பா.

"எழுதறேன்ப்பா. பதிவு."

காலையிலிருந்து இருண்டிருந்த அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "எழுது, எழுது. நம்ம மேல தப்பு இல்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். ஃபைல் வாங்க நாளைக்கி எல்லாரும் வருவாங்க. போர்டுல குத்தி வெக்கறேன். படிச்சிட்டுப் போவட்டும். எந் தம்பி செத்த அன்னிக்கும் ஒரு ரிட்டர்ன் தவறலன்னு அதையும் எழுது."

"எழுதறேன்ப்பா" என்றாள்.

எழுதினாள். முதலில் சிம் யார் பேரில் இருந்தது என்பதை. பிறகு சித்தியிடம் யாரும் எதையும் சொல்லாததை. பிறகு, செப்டம்பர் இருபதாம் தேதி நாற்பத்தொரு ரிட்டர்ன் எப்படிப் போடப்பட்டது என்பதை, அவள் கையால் செய்ததை அப்படியே. துப்பட்டாவால் துடைத்ததையும் விடவில்லை. கடைசியில் ஒரே வரி: "இந்த ஆபீசைப் பார்த்து யாரும் எதையும் செய்யாதீர்கள்."

அப்பாவிடம் முதலில் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. ஐம்பத்திரண்டு நாளாக வராத வாய் இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா?

வெளியிட்டாள்.

முன் அறையில் அரங்கநாதனின் போன் ஒரு சத்தம் கொடுத்தது. நாற்காலி நகர்ந்தது. வழக்கம்போல அவர் திரையில் எதையும் படிக்கவில்லை. பிரிண்டர் விழித்துக்கொண்டு தாளை இழுக்க ஆரம்பித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் இரண்டாவது காப்பி.

எழுந்து ஓடினால் பிடுங்கிவிடலாம். அவள் எழுந்திருக்கவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரங்கநாதன் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். போர்டுக்கான காப்பியைத் தனியே வைத்து, அதன் மேல் நாலு குண்டூசியை எடுத்துவைத்தார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தலைப்பு நல்லா இருக்குதும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சித்தப்பாவின் கட்டை விரலைப் பற்றி எழுதியிருந்தது மூன்றாம் பக்கத்தில். அவர் இப்போதுதான் முதல் பக்கத்தை எடுத்திருந்தார்.